செம்புத் தண்ணீரை வாங்காத தூதன்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையோரம் ஆயிரம் பேர் உட்காருகிற கல்யாண மண்டபம் ஒன்று. மார்த்தாண்டத்தில் மூங்கிலும் சவுக்குக் கம்பும் விற்கிற கடை, அதற்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் மூன்று. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களுக்கு வெயில் படாமல் வருடா வருடம் போட்ட நிழல்பந்தல். கடற்கரை ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்கு வைத்த அலங்கார வளைவைக் காற்று மூன்று தடவை சாய்த்தது. படித்த எஞ்சினியர் ஒருவர் அது நிற்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார். நான்காம் தடவை நான் போய் நிற்க வைத்தேன். பத்து நாளும் நின்றது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தகப்பனார் விட்டுப்போனது ஓர் அரிவாளும் இரண்டு கட்டுக் கயிறும். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

இவற்றோடு இன்னொன்றும் கட்டினேன். அதற்குக் கம்பும் கயிறும் தேவைப்படவில்லை. அது ஒரு துன்ப நாடகத்தின் கடைசிக் காட்சி. எங்கள் மாவட்டத்தில் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். அதைக் கட்டியவன் நான் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாடகத்தை எழுதி நடத்தியவர் எங்கள் ஊர்க்காரர்தான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கெல்லாம் அவர் 'சார்'. போன ஐப்பசியில் காலமானார். அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். புத்தக வெளியீட்டுக்கு என் மண்டபத்தைக் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் விடாமல் படிப்பேன். உலகத்துத் துன்ப நாடக மரபை நாஞ்சில் நாட்டு மண்ணுக்குக் கொண்டுவந்தவர் சார் என்று எழுதியிருந்தது. சரி, உண்மை. அடுத்த பக்கத்தில், தூதன் தண்ணீரை வாங்க மறுக்கும் அந்தக் கடைசிக் காட்சி பேராசிரியரின் மேதைமைக்குச் சான்று என்றிருந்தது. அங்கேதான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு முப்பது வயதிருக்கும். ஆறு ஆட்களை வைத்துப் பந்தல் வேலை செய்துகொண்டிருந்தேன். கோயில் கொடை என்றால் பத்தாம் நாள் நாடகம். நாடகம் என்றால் ராஜா, ராணி, நடுவில் ஒரு கோமாளி, கடைசியில் கல்யாணம், மங்களப் பாட்டு. அந்த வருடம் சார் தானே ஒரு நாடகம் போடுவதாகக் கோயில் கமிட்டியிடம் சொன்னார். ஒத்திகைக்கு இடம் இல்லை. நான் மூங்கில் அடுக்கி வைத்திருந்த கொட்டகையைத் திறந்துவிட்டேன். அவர்கள் ஒரு பக்கம் வசனம் படிக்க, நான் மறு பக்கம் ஓலைத்தட்டி முடைந்துகொண்டிருப்பேன். அப்படியாக, கல்லூரியில் பிள்ளைகள் சம்பளம் கட்டிக் கேட்ட பாடத்தை நான் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

சார் சொன்னவை இன்றைக்கும் நினைவில் உண்டு. துன்ப நாடகத்தின் தலைவன் கெட்டவனாக இருக்கக் கூடாது. கெட்டவன் விழுந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தோஷம்தான் வரும். அப்பழுக்கில்லாத நல்லவனாகவும் இருக்கக் கூடாது. அவன் விழுந்தால் நமக்குக் கோபம் வரும். நம்மைப்போல ஒருவன், ஆனால் நம்மைவிட உயரத்தில் நிற்பவன். அவன் விழுவதற்குக் காரணம் வெளியிலிருந்து வரக் கூடாது, அவன் செய்த ஒரு பிழையிலிருந்தே வர வேண்டும். அந்தப் பிழையும் அவனுடைய நல்ல குணத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பந்தல் சாய்ந்தால் ஊர்க்காரர்கள் காற்றைத் திட்டுவார்கள். எனக்குத் தெரியும், காற்று எல்லாப் பந்தலுக்கும்தான் அடிக்கிறது. விழுகிற பந்தலில் நான் கட்டிய ஏதோ ஒரு முடிச்சு தப்பாக இருக்கும். சாரிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கல்லூரியில் வருடந்தோறும் இந்தப் பந்தல் முடிச்சைச் சொல்லித்தான் பாடம் நடத்தினார் என்று மலரிலேயே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முடிச்சு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கதை இதுதான். மழை பொய்த்த ஒரு வருடம். குளத்தில் மிச்சமிருக்கிற தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று ஊர்த்தலைவர் கட்டளை போடுகிறார். முறை தவறி மடை திறந்தவன் வீட்டுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, அவன் வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று கோயில் முன்னால் சத்தியம் செய்கிறார். மறுநாள் விடிகிறபோது மடை திறந்து கிடக்கிறது. ஈரமாக இருப்பது அவருடைய மருமகனின் வயல். மருமகன், திறந்தது நான் இல்லை என்கிறான். தலைவர் கேட்கவில்லை. மகளுக்கு நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. தலைவர் ஒரு சொல் சொன்னால் மருத்துவச்சி போய்விடுவாள். நீதிமான் என்று பெயர் எடுத்த மனிதர், சொந்தத்துக்கு ஒரு நியாயமா என்று நாளைக்கு ஊர் கேட்கும் என்று வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்கிறபோது அவருடைய வேலைக்காரன் வந்து காலில் விழுகிறான். மடையைத் திறந்தது அவன். "கீழ்வயல் காயாமப் பாத்துக்க" என்று முந்தின நாள் தலைவர் போகிற போக்கில் சொன்னதை நம்பித் திறந்திருக்கிறான். தலைவரின் கீழ்வயலுக்குப் போகிற தண்ணீர் மருமகன் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும், அன்றைக்கு அதோடு நின்றுவிட்டது. தேடிய திருடன் தானே என்று தலைவருக்குத் தெரிகிறது. கட்டளையைத் திரும்ப எடுக்க எழுந்திருக்கிறார். அதற்குள் மகள் இறந்துவிடுகிறாள்.

கட்டளையும் சத்தியமும் பேச்சில்தான் வரும், மேடையில் நடப்பதெல்லாம் மடை திறந்து கிடந்த அந்த ஒரே நாளில், ஒரே வீட்டு முற்றத்தில். இடம் மாறக் கூடாது, நாள் மாறக் கூடாது என்றார் சார். எனக்கும் அது வசதி, திரை மாற்றுகிற வேலை இல்லை. கோமாளிக்குப் பதிலாக நாலு கிழவர்கள். அவர்கள் முற்றத்தின் ஓரத்தில் நின்று நடப்பதைப் பற்றிப் பாடுவார்கள், ஆனால் எதையும் தடுக்க மாட்டார்கள். "ஊர்னா அப்படித்தானே மக்கா இருக்கும்?" என்று சார் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

தலைவராக நடித்தவர் தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பிச்சிப்பூ ஏலம் கூவிக் கூவி வளர்ந்த குரல், மைக் இல்லாமலே குளத்தங்கரை வரை கேட்கும். கடைசிக் காட்சியில் மகளின் உடலைப் பாடையில் கொண்டுவந்து மேடை நடுவில் வைப்பார்கள். அண்ணாச்சி அதன்மேல் விழுந்து மூன்று பக்கம் புலம்ப வேண்டும். அதைக் கடையில் பூத் தொடுக்கிற பெண்களிடம் தினமும் சொல்லிக் காட்டி அழவைத்துக்கொண்டிருந்தார்.

கொடி ஏறியது. நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாடை விஷயம் கமிட்டித் தலைவர் காதுக்குப் போய்விட்டது. மேடைக்கு நான் கால் ஊன்றிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, பக்கத்தில் நின்ற சாரிடம் கேட்டார்.

"சாரே, கொடி ஏறி நிக்கிய எடத்துல பாடையக் கொண்டாந்து வைப்பியளா?"

"அது நாடகம்லா? பாடையில கிடக்கது எட்டாங்கிளாஸ் படிக்கிய பய, அவன் பொம்பள வேசம் கட்டிருக்கான். முடிஞ்ச ஒடனே எந்திரிச்சு சுக்குத்தண்ணி குடிக்கப் போயிருவான்."

"அவன் எந்திரிப்பான், ஊரு எந்திரிக்காது. செத்துப்போனான்னு ஒரு சொல்லு கோயில் மைக்குல வரப்பிடாது. மகள் பிழைச்சுக்கிட்டான்னு முடியும். இல்லையா, நாடகமே வேண்டாம். மார்த்தாண்டத்துல பாட்டுக் கச்சேரிக்காரன் சும்மாத்தான் இருக்கான்."

சார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பிழைத்துக்கொண்டால் அது துன்ப நாடகமே இல்லை, பொய் என்றார். கமிட்டித் தலைவரைக் குறை சொல்ல முடியாது. கொடி ஏறிய பிறகு ஊரில் ஒரு சாவு விழுந்தால் பூசையே நின்றுபோகும். அவர் பயம் அவருக்கு. அன்றைக்குச் சாயங்காலம் என் கொட்டகையில் ஒத்திகை நடக்கவில்லை. சார் மூங்கில் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நாடகத்தைக் கைவிட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டார். அண்ணாச்சிக்குத்தான் தாங்க முடியவில்லை.

"பொணமும் இல்ல, சாவுன்னு சொல்லவும் பிடாதுன்னா நான் யாரப் பாத்து அழ? மூணு பக்கம் நெட்டுரு போட்டது எதுக்கு, ரோசாப்பூவப் பாத்து அழவா?"

அப்போதுதான் நான் பேசினேன். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் என் பங்கு.

பந்தல் வேலைக்கு வருவதற்கு முன்னால் சில வருடங்கள் நான் துட்டி சொல்லப் போகிறவனாக இருந்தேன். யார் வீட்டிலாவது சாவு என்றால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஆள் வேண்டும். எனக்கு மிதிக்கத் தெரியும், வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கென்று எங்கள் பக்கத்தில் முறை உண்டு. துட்டி கொண்டுபோகிறவன் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டு போடக் கூடாது, கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கக் கூடாது. திரும்பும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் திரும்பிவிட வேண்டும். நூறு வீட்டு வாசலிலாவது அப்படி நின்றிருப்பேன். ஒரு வீட்டில்கூட நான் 'செத்துப்போனார்' என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை. வெயிலில் மிதித்து வந்தவனுக்கு வீட்டுக்காரம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். நான் கையை நீட்ட மாட்டேன். அவ்வளவுதான். செம்பு அவள் கையிலேயே இருக்கும், முகம் மட்டும் மாறும். பிணத்தைப் பார்த்து அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகத்துக்கு அது ஈடாகாது.

"சாரே, மகளைக் காட்டாதீங்க. மகள் வீட்டுலேருந்து ஒருத்தன் வரட்டும். நடைக்கு வெளிய நிக்கட்டும். தலைவரு கட்டளையை மாத்தப் போற சந்தோசத்துல தன் கையாலயே அவனுக்குத் தண்ணி கொண்டாந்து நீட்டட்டும். காலையிலேருந்து அந்த வீட்டுக்குத் தண்ணி கொடுக்காதேன்னு சொன்ன மனுசன்லா? அவன் வாங்கப்பிடாது. ஒண்ணும் பேசவும் பிடாது."

சார் மூங்கில் அடுக்கிலிருந்து இறங்கினார். என் பக்கத்தில் வந்து சொன்னார்.

"ஏ மக்கா, சாவை மேடையில காட்டாம தூதன் வந்து சொல்லுகது கிரேக்க தேசத்துப் பழைய முறை. நான் கிளாஸ்ல பத்து வருசமா சொல்லிட்டிருக்கேன். எனக்குத் தோணல பாத்தியா."

"அங்கேயும் தண்ணி வாங்க மாட்டானா?"

"இல்ல. அங்க தூதன் வந்து நிறைய பேசுவான். இது ஒனக்க சொந்தம்."

இது அவர் வாயால் சொன்னது. சொன்ன இடம் என் கொட்டகை. அண்ணாச்சி சாட்சி. அவரும் இப்போது இல்லை.

தூதனாக நடிக்க இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவன் முகத்தைக் கோணி அழுதான், இன்னொருவன் செம்பைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். துட்டி சொல்ல வந்தவன் அழ மாட்டான், அவனுக்கு இன்னும் நாலு ஊர் போக வேண்டியிருக்கும். கடைசியில் நானே நின்றேன். கமிட்டித் தலைவர் ஒத்திகைக்கு வந்து பார்த்தார். பாடை இல்லை, சாவு என்ற சொல் இல்லை, பிழை சொல்ல இடம் கிடைக்கவில்லை. "இதுல என்னவே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தி மயங்குகிற நேரத்தில் நாடகம் தொடங்கியது. சனம் கொஞ்ச நேரம் கோமாளியைத் தேடியது, பிறகு அடங்கியது. வேலைக்காரன் உண்மையைச் சொன்னபோது அண்ணாச்சி நெற்றியில் அறைந்துகொண்ட சத்தம் எனக்கு மறைவில் கேட்டது. மருத்துவச்சியைக் கூப்பிடச் சொல்லி அவர் ஆள் அனுப்புகிறார். அந்த நேரத்தில் நான் ஓலைத்தட்டியைத் தாண்டிப் போய், மேடையில் நான் கட்டிய வாசலுக்கு வெளியே நின்றேன். "வா மக்கா, உள்ள வா, எனக்க மவளுக்கு எப்படி இருக்கு?" என்றார். நான் உள்ளே போகவில்லை. "வேர்க்க விறுவிறுக்க வந்திருக்க, இரு, தண்ணி கொண்டாறேன்" என்று அவரே போய்ச் செம்பை எடுத்து வந்து நீட்டினார். நான் கையைத் தூக்கவில்லை.

முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முதலில் தெரிந்துவிட்டது. வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டார்கள். அது அப்படியே பின்னால் போனது. ஊர் முழுக்கத் தெரிந்தும் மேடையில் தலைவருக்கு மட்டும் தெரியவில்லை, "குடி மக்கா, குடி" என்று இன்னொரு தடவை நீட்டினார். பார்க்கிறவர்களுக்கு முன்பே தெரிந்து, தலைவனுக்குப் பிந்தித் தெரிய வேண்டும் என்று சார் ஒத்திகையில் சொன்னதன் பொருள் எனக்கு அங்கே நின்றபோதுதான் முழுதாக விளங்கியது. அண்ணாச்சி மூன்று பக்கப் புலம்பலில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. செம்பைக் கீழே வைக்கவும் இல்லை. நான் திரும்பி நடந்தேன். நாலு கிழவர்களும் பாடாமல் நின்றார்கள். விளக்கை அணைத்தோம்.

கைதட்டல் இல்லை. மங்களப் பாட்டு வேண்டாமென்று சார் சொல்லியிருந்தார். எல்லாம் வீணாகிவிட்டது என்று கமிட்டித் தலைவர் நினைத்தார். நான் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போயிற்று. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒருவர்கூட 'போயிட்டு வாறேன்' என்று சொல்லவில்லை. துட்டி வீட்டிலிருந்து போவதுபோலப் பேசாமல் போனார்கள். கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனதாக மறுநாள் பல பெண்கள் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் சாரைப் பிடித்துக்கொண்டார். "பாடை வேண்டாம்னு சொன்னதுக்கு ஊரையே துட்டி வீடா ஆக்கிட்டியளே" என்றார். திட்டுகிற குரலில்தான் சொன்னார், ஆனால் அவர் கண்ணும் சிவந்திருந்தது.

இனி சொல்ல வேண்டியதை மறைக்க மாட்டேன். சனம் கலைந்துகொண்டிருந்தபோதே சார் மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் துண்டு போர்த்தக் கூப்பிட்டார். அண்ணாச்சியை, பாடிய கிழவர்களை, பாடைக்காகப் பெண் வேடம் கட்டிப் பழகிய பையனைக்கூட. பிறகு, "மேடை அமைத்துக் கொடுத்த நமது பந்தல்காரரும் மேடைக்கு வரவும்" என்றார். தூதன் வேடத்தோடு தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பந்தல்காரர் என்றது எனக்குச் சுருக்கென்றது. காட்சியைச் சொன்னவர் என்று கூப்பிடட்டும், போகிறேன் என்று நின்றேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். நான் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்தார்.

"ஏன் மக்கா வரல?"

"பந்தலுக்கான கூலி வாங்கியாச்சு சாரே."

அவருக்குப் புரிந்துவிட்டது. "அடுத்த மேடை நோட்டீஸ்ல போட்டுருகேன். கடைசிக் காட்சி ஒனக்க யோசனைன்னே போட்டுருகேன், போதுமா?" என்றார். கேட்டுப் போடுகிற பெயர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சார் என் எதிரில் உட்கார்ந்தார். "நாடகத்துல வாற தலைவரும் இப்படித்தான் மக்கா, ஒரு சொல்லுல முடியக்கூடியதுக்கு நின்னுக்கிட்டிருந்தாரு" என்றார். நான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

அதன் பிறகு அந்த நாடகம் கிழக்கே தோவாளையிலிருந்து மேற்கே மார்த்தாண்டம் வரை எத்தனையோ மேடைகளில் நடந்தது. நான் இரண்டாம் மேடைக்கே போகவில்லை, தூதனாக வேறு ஆள் நின்றார். நோட்டீசில் 'பந்தல்' என்ற வரியில் மட்டும் என் கடைப் பெயர் வரும். சாரும் நானும் சண்டையெல்லாம் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்தார், மண்டபத் திறப்புக்கு வந்து விளக்கேற்றினார். பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கலாம். ஒரு சொல் போதும், எழுதிக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. விழுகிறவன் தன் பிழையால்தான் விழுகிறான் என்று அவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால், என் பெயர் விடுபட்டதற்கு அவர் காரணமில்லை, நான்தான் காரணம். அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது என் மண்டபத்தில் நடக்கிற கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருவதைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள், மேலே டிரோன் பறக்கிறது. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்கிற காலம். ஒன்றைக் காட்டாமலிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மேடையில் என்னோடு நின்று அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

ஆனால் பிழையை ஒத்துக்கொண்டதால் உரிமை போய்விடாது. மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாரின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். நாடகம் அவருடையது. ஊர்த்தலைவரும் சத்தியமும் மடையும் வேலைக்காரனும் அவருடைய மூளையில் பிறந்தவை. மேதைமைக்குச் சான்று என்று எழுதியிருக்கிற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், கடைசிக் காட்சியைச் சொன்னவரும் முதல் மேடையில் தூதனாக நின்றவரும் இன்னார் என்று என் பெயரைப் போடுங்கள். 'நன்றி' என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், மண்டபம் தந்தவர் என்ற வரியிலும் வேண்டாம், நாடகத்தைப் பற்றிய பக்கத்திலேயே வர வேண்டும். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். வெளியீட்டு நாளில் அந்த வாக்கியத்தை மைக்கில் வாசித்து என்னைக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை வருவேன்.